வீட்டில் கட்டும் ரோட்டரி எஞ்சின் விமானம்: புரொப்பெல்லர் பிட்ச், எஞ்சின் வேகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்டா கார்களின் 13பி (13B) ரோட்டரி எஞ்சினை, அதாவது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சினை, சிறு விமானத்தில் பொருத்துவது பற்றிக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள தமிழ் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலோர் கார்ப் பட்டறையில் கை பழகியவர்கள். எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்கள். புரொப்பெல்லர்தான் அவர்களுக்குப் புதிது. கீழே உள்ள கணக்குகள் அனைத்தும் டர்போ இல்லாத, இரண்டு ரோட்டர் கொண்ட எஞ்சினுக்கானவை. எஞ்சின் வேகம், புரொப்பெல்லர் வேகம் என்று நான் சொல்லும் இடமெல்லாம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பொருள்.

7,000 சுற்றில் ஓடும் எஞ்சின் விமானத்தில் நிலைக்குமா? லைகமிங் விமான எஞ்சின் 2,700 சுற்றோடு நின்றுவிடுகிறதே?

நிலைக்கும். பிஸ்டன் எஞ்சினில் பழகிய காதுதான் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. ரோட்டரி எஞ்சினில் மானி காட்டுவது மையத்தண்டின் வேகம். தண்டு மூன்று முறை சுற்றினால் ரோட்டர் ஒரு முறைதான் சுற்றும். மானியில் 7,200 என்றால் ரோட்டர் 2,400 சுற்றில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மேலும் கீழும் நின்று நின்று ஓடும் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, வால்வு ஸ்பிரிங் இல்லை. இதே குடும்பத்து எஞ்சின் கொண்ட மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின், கையால் ஆறு கியர் மாற்றும் வகைக்குத் தொழிற்சாலை வைத்த சிவப்புக் கோடே 9,000 சுற்று.

உண்மையில் அஞ்ச வேண்டியது எதிர்ப்பக்கத்தை. த்ராட்டிலை முழுக்கத் திறந்துவிட்டு, கனமான பிட்ச்சால், அதாவது பிளேடின் கோணத்தைக் கூட்டி, எஞ்சினை 4,500 சுற்றில் அமுக்கிப் பிடிப்பது கெடுதல். எரியும் கலவைக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது, வெப்பம் தேங்குகிறது, தட்டல் (கலவை முறையின்றி வெடித்து எரிவது) தொடங்க வாய்ப்பு வருகிறது. ரோட்டரின் முனைகளில் எரியறையை அடைக்கும் சீல்களை உடைப்பது பெரும்பாலும் வேகம் அல்ல, தட்டல்தான்.

பிட்ச் என்பது சரியாக எதை அளக்கிறது?

புரொப்பெல்லர் ஒரு சுற்றில், கெட்டியான பொருளைத் துளைத்துச் செல்வதுபோல நழுவாமல் முன்னேறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதே பிட்ச். பிளேடின் கோணத்தை, மையத்திலிருந்து முக்கால் பங்கு தூரத்தில் அளந்து கணக்கிடுகிறார்கள்.

1,880 மி.மீ. விட்டம், அதாவது 74 அங்குலம் கொண்ட புரொப்பெல்லரை எடுத்துக்கொள்வோம். முக்கால் பங்கில் ஆரம் 705 மி.மீ.; அந்த வட்டத்தின் சுற்றளவு 4,430 மி.மீ. பிட்ச் 2,032 மி.மீ., அதாவது 80 அங்குலம் என்றால், பிளேடின் கோணம் 24.6 டிகிரி வருகிறது. கோணத்தில் ஒரே ஒரு டிகிரி கூட்டினால் பிட்ச் 94 மி.மீ. ஏறிவிடுகிறது, கிட்டத்தட்ட மூன்றே முக்கால் அங்குலம். தரையில் நின்று திருத்தும் புரொப்பெல்லர் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி என்பது சிறிய திருத்தம் அல்ல.

ஒரு நிறுவனத்தின் 80 அங்குலமும் இன்னொரு நிறுவனத்தின் 80 அங்குலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிளேடின் தட்டையான பின்பக்கத்தை வைத்துக் கோணம் அளப்பவர்கள் உண்டு. காற்றை அது உண்மையில் சந்திக்கும் கோணம் அதைவிடக் கூடுதல். ஆகவே நண்பரின் விமானத்தில் நன்றாக ஓடிய எண்ணை வாங்கி அப்படியே வேறு நிறுவனத்திடம் ஆர்டர் கொடுக்காதீர்கள். எஞ்சின் திறன், புரொப்பெல்லர் தண்டின் வேகம், எதிர்பார்க்கும் பறக்கும் வேகம், சுற்றும் திசை ஆகிய நான்கையும் கொடுத்து, பிட்ச்சை அவர்களே முடிவு செய்யட்டும்.

பிட்ச்சை முதலில் முடிவு செய்யலாமா, கியர் விகிதத்தையா?

கியர் விகிதத்தை, அதாவது புரொப்பெல்லர் ஒரு முறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை. அடுத்தது விட்டம், கடைசியில்தான் பிட்ச். இந்த வரிசை தலைகீழானால் எத்தனை புரொப்பெல்லர் மாற்றினாலும் விமானம் சரியாக ஏறாது. எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

13பி எஞ்சினோடு வீட்டுக் கட்டுநர்கள் பெரிதும் பயன்படுத்திய இரண்டு விகிதங்கள் 2.17, 2.85. எஞ்சின் 7,200 சுற்றில் ஓடட்டும். 2.17 கியரில் புரொப்பெல்லர் 3,318 சுற்று சுற்றும். அந்த வேகத்துக்காக விட்டத்தை 68 அங்குலமாகச் சுருக்கினாலும் பிளேடின் நுனி நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. விமானம் 175 நாட் (மணிக்குச் சுமார் 324 கி.மீ.) வேகத்தில் முன்னே போவதையும் சேர்த்தால் 313 மீட்டர். 33 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 351 மீட்டர். நுனி ஒலிவேகத்தில் 0.89 பங்கைத் தொட்டுவிட்டது. அங்கே திறனில் ஒரு பகுதி சத்தமாக வீணாகிறது, இழுவையாக, அதாவது விமானத்தை முன்னே இழுக்கும் விசையாக, மாறுவதில்லை.

அதே 7,200 சுற்று, 2.85 கியர், 74 அங்குல விட்டம். புரொப்பெல்லர் 2,526 சுற்று. முன்வேகத்தையும் சேர்த்து நுனி நொடிக்கு 264 மீட்டர்தான், ஒலிவேகத்தில் 0.75 பங்கு. பெரிய விட்டம் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. ஓடுபாதையில் அது கொடுக்கும் இழுவை சின்ன விசிறியால் வராது.

2.17 கியர் வைத்திருப்பவர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? பிட்ச்சைக் கூட்டி, புரொப்பெல்லரை 2,700 சுற்றில் பிடித்து நிறுத்துகிறார்கள். அப்போது எஞ்சின் 5,860 சுற்றுக்கு மேல் போகாது. எஞ்சினுக்கு மூச்சு இருக்கிறது, விடுவதற்கு இடம் இல்லை.

வேகத்தைக் குறைத்தால் அப்படி எவ்வளவு திறனை இழக்கிறோம்?

ஆர்எக்ஸ்-8 எஞ்சின் ஜப்பானில் முதலில் இரண்டு வகையாக வந்தது. காற்று நுழைய நான்கு துளை கொண்ட வகைக்கு 7,200 சுற்றில் 210 குதிரைத்திறன், 5,000 சுற்றில் 222 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று மாஸ்டா அறிவித்தது. ஆறு துளை வகைக்கு 8,500 சுற்றில் 250 குதிரைத்திறன்.

நான்கு துளை எஞ்சினின் முறுக்குவிசை 5,000 சுற்றில்தான் உச்சம். அந்த உச்சத்திலேயே நின்றால் கிடைக்கும் திறன் 158. அதை 7,200 வரை ஓடவிட்டால் 210. இடையில் உள்ள 52 குதிரைத்திறனுக்குத்தான் நீங்கள் எஞ்சினே வாங்கினீர்கள். இவை கார் எஞ்சினுக்கான எண்கள். விமானத்துக்காக நீங்கள் செய்யும் காற்றுக்குழாயும் சைலன்சரும் இவற்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆனால் வேகத்தோடு திறன் ஏறும் போக்கு மாறாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹாஃப்கட் கடைகளில் (பழைய கார்களைப் பாதியாக வெட்டி விற்கும் கடைகள்) இரண்டு வகையும் கிடைத்தால் எதை எடுப்பது?

தானியங்கி கியர் காரிலிருந்து வந்த நான்கு துளை எஞ்சினை எடுங்கள் என்பேன். பலர் 250 என்ற எண்ணைப் பார்த்து மயங்குகிறார்கள். அந்த 250 கிடைப்பது 8,500 சுற்றில். 2.85 கியரில் அது புரொப்பெல்லருக்கு 2,982 சுற்று. 74 அங்குல விட்டத்துக்கு நுனி நின்ற நிலையிலேயே நொடிக்கு 293 மீட்டரைத் தாண்டும். ஆறு துளை எஞ்சினில் கூடுதல் துளைகள் அதிக வேகத்தில் மட்டும் திறக்கும் அமைப்பு வேறு இருக்கிறது. அந்த வால்வுகள் விமானத்தில் இயங்காமல் மூடியே கிடந்தால், பிட்ச்சைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போவீர்கள். குற்றம் பிட்ச்சில் இருக்காது.

நிலையான பிட்ச் கொண்ட விமானத்துக்கு 7,200 சுற்றில் உச்சம் தரும் எஞ்சின் அளவெடுத்துத் தைத்த சட்டை.

தரையில் கட்டிவைத்து முழு த்ராட்டில் கொடுத்தால் எத்தனை சுற்று வர வேண்டும்?

செஸ்னா 172பி (172P) போன்ற பயிற்சி விமானத்தில் 2,700 சுற்று எஞ்சின் தரையில் 2,300 முதல் 2,420 வரை காட்டும். 85 முதல் 90 சதவீதம். வேகமாகப் பறக்கக் கட்டிய விமானத்தில் பிட்ச் கனம் என்பதால் இந்தப் பங்கு இன்னும் இறங்கும். நேர்மட்டப் பறப்பில் முழு த்ராட்டிலில் 7,200 வேண்டும் என்றால், தரையில் 5,700 முதல் 6,100 வரை வருவதைத் தொடக்கக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். 5,000 சுற்றையே தாண்டவில்லை என்றால் பிட்ச் கனம், அல்லது எஞ்சின் தன் திறனைத் தரவில்லை. முதலில் எஞ்சினைப் பாருங்கள்.

தரை ஓட்டத்தை முழுக்க நம்பவும் முடியாது. விமானம் நிற்கும்போது 24 டிகிரி பிளேடு காற்றை அதே 24 டிகிரியில் வெட்டுகிறது. பிளேடின் உட்பகுதியில் காற்று ஒட்டாமல் பிரிந்து, வெறும் கலக்கலாக முடிகிறது. இறுதித் தீர்ப்பு வானத்தில்தான்: பாதுகாப்பான உயரத்தில், நேர்மட்டத்தில், முழு த்ராட்டிலில், வேகம் நிலைபெறும் வரை காத்திருந்து எண்ணைக் குறியுங்கள். ஏறும்போது, ஏற்ற வேகத்தில் வரும் எண்ணையும் தனியாகக் குறியுங்கள்.

தரை ஓட்டத்தின்போது வாலைக் கயிற்றால் கட்டுங்கள், சக்கரங்களுக்கு முட்டு வையுங்கள். புரொப்பெல்லர் சுற்றும் தளத்தின் நேர்க்கோட்டில், இரண்டு பக்கமும், ஒருவரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை அழைத்து வரவே வேண்டாம். காற்றோட்டம் குறைவு என்பதால் நீரும் எண்ணெயும் விரைவில் சூடேறும். சுற்று எண்ணிக்கையைப் பார்த்ததும் த்ராட்டிலைக் குறையுங்கள்.

சுற்று எண்ணிக்கையைக் காட்டும் மானியை எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்கள் குறைவு. ரோட்டரியில் ஒவ்வொரு ரோட்டரும் தண்டின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை எரிகிறது. ஆனால் மாஸ்டாவின் பழைய ஆர்எக்ஸ்-7 கார் மாதிரிகள் சிலவற்றில் முன்னணி பிளக்குகள் (ஒவ்வொரு ரோட்டரின் இரண்டு பிளக்குகளில் முதன்மையானவை) இரண்டும் சேர்ந்தே பொறி விடும். மானியின் அமைப்பு அதற்கேற்ப இல்லாவிட்டால் பாதியோ இரட்டிப்போ காட்டும்.

பிளேடுகள் ஒளியை மறைப்பதை எண்ணிச் சுற்றைச் சொல்லும், கையில் பிடிக்கும் ஒளிமானியால் புரொப்பெல்லரை நேரடியாக அளந்து, கியர் விகிதத்தால் பெருக்கிச் சரிபாருங்கள். பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில் அளக்க வேண்டும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. கொட்டகைக்குள் அளந்தால் ஒளிமானி விளக்கைப் படித்துவிடக்கூடும். இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம்: ஒளிமானியை இரண்டு பிளேடுக்கு வைத்து அந்த விளக்கை நோக்கிப் பிடித்தால் 3,000 காட்ட வேண்டும், மூன்று பிளேடுக்கு 2,000. அமெரிக்க வழிகாட்டிகளில் 3,600 என்று இருக்கும், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்.

நம் ஊர் வெப்பத்தில் பிட்ச்சைக் குறைத்து வைக்க வேண்டுமா?

கோலாலம்பூர் அருகே உள்ள சுபாங்கும் பினாங்கின் பாயான் லெப்பாஸும் கடல்மட்டத்தை ஒட்டிய ஓடுபாதைகள். ஆனால் பிற்பகலில் 33 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி ஏட்டில் உள்ள 15 டிகிரி அளவைவிட 7 சதவீதம் குறைகிறது. விமானத்துக்கு அது 2,400 அடிக்கு மேல் உயரமுள்ள ஓடுபாதை.

எஞ்சினுக்கு இழப்பு இன்னும் கூடுதல். நீராவி காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் உள்ளே போகும் உலர்ந்த காற்று 9 சதவீதம் குறைகிறது. புரொப்பெல்லரின் சுமையோ அடர்த்தியோடு சேர்ந்து 7 சதவீதம் குறைந்துவிட்டது. எஞ்சினும் இளைத்தது, சுமையும் இளைத்தது. விளைவு: மானியில் வேகம் ஒரு சதவீதம்தான் இறங்கும், 6,000 சுற்றுக்கு 60. ஆனால் இழுவை 9 சதவீதம் போய்விட்டது!

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தரையில் வழக்கமான எண் வந்துவிட்டது, எனவே எல்லாம் சரி என்று எண்ணி, பிற்பகல் மூன்று மணிக்கு நண்பரையும் ஏற்றிக்கொண்டு குறுகிய பாதையில் ஓடத் தொடங்கக் கூடாது. மானி பொய் சொல்லவில்லை. நீங்கள் அறிய வேண்டியதை அது அளக்கவில்லை. ஓடுபாதையில் ஒரு புள்ளியைக் குறித்து, அங்கே விமானம் எந்த வேகத்தை எட்ட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வராவிட்டால் த்ராட்டிலை மூடுங்கள்.

அப்படியானால் பிட்ச்? வெப்பத்துக்காக மட்டும் மாற்றத் தேவையில்லை என்பதை அந்த ஒரு சதவீதமே காட்டுகிறது. குறுகிய ஓடுபாதையும் இரண்டு பேர் எடையும் உங்கள் வழக்கம் என்றால், பயணவேகத்தில் சில நாட் அளவை விட்டுக்கொடுத்து, பிட்ச்சை ஏற்றத்தின் பக்கம் சாய்த்து வையுங்கள்.

எஞ்சின் சூடாகிறது. பிட்ச்சைக் கூட்டி வேகத்தைக் குறைத்தால் சரியாகுமா?

சூடு குறையலாம், திறனும் சேர்ந்து குறையும். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. குளிர்நீர் 95 டிகிரி, வெளிக்காற்று 15 டிகிரி என்றால் ரேடியேட்டருக்கு 80 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. இங்கே 33 டிகிரிக் காற்றில் அது 62 ஆகிறது. கடத்தும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. குளிர்ந்த நாட்டு வரைபடத்தை அப்படியே பின்பற்றி ரேடியேட்டர் வைத்தால் இங்கே போதாது. ரோட்டரைக் குளிர்விப்பது எஞ்சின் எண்ணெய் என்பதால் எண்ணெய்க் குளிர்விப்பானையும் அதே கவனத்தோடு பெரிதாக்க வேண்டும். காற்று நுழையும் வாயையும் வெளியேறும் வழியையும் திருத்துங்கள். பிட்ச்சை மருந்தாக்காதீர்கள்.

5,200 சுற்றில் பயணம் செய்தால் சிக்கனம் என்கிறார்கள். என் விமானம் அந்த வேகத்தில் நகரவே மாட்டேன் என்கிறதே?

அந்த அறிவுரை பிட்ச் மாற்றும் புரொப்பெல்லருக்குப் பொருந்தும். நிலையான பிட்ச்சில் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 7,200 சுற்றில் முழுத் திறன் என்றால் 5,200 சுற்றில் கிடைப்பது 38 சதவீதம்தான். 65 சதவீதத்துக்கு ஏறத்தாழ 6,240, 75 சதவீதத்துக்கு 6,540 தேவை. நிலையான பிட்ச்சில் 6,200 சுற்றில் மணிக்கணக்கில் பறப்பது இந்த எஞ்சினுக்குச் சிரமமே அல்ல. காதுதான் பழக வேண்டும்.

அப்படியானால் பிட்ச் தானாக மாறும் புரொப்பெல்லர் வாங்கிவிடலாமா?

பணம் இருந்தால் வாங்குங்கள். ஓடுபாதையில் 7,200, பயணத்தில் த்ராட்டில் திறந்தபடியே 5,200 என்று இரண்டு உலகமும் கிடைக்கும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகைக்குப் புரொப்பெல்லர் தண்டின் உள்ளே எண்ணெய் செல்லும் பாதையும், பிட்ச்சைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் வேண்டும். கார் எஞ்சினோடு இணைக்கும் பல கியர்பாக்ஸ்களில் அவை இல்லை. ஜெர்மனியின் எம்டி, நியூசிலாந்தின் ஏர்மாஸ்டர் ஆகியவை மின்சாரத்தால் பிட்ச் மாற்றும் வகைகளைச் செய்கின்றன.

எதை வாங்கினாலும், மின்சாரம் நின்றால் பிளேடு எந்தக் கோணத்தில் நிற்கும், அந்தக் கோணத்தில் உங்கள் விமானம் ஏறுமா என்பதை முன்பே கணக்கிட்டுவிடுங்கள்.

பழைய செஸ்னாவின் அலுமினியப் புரொப்பெல்லரைப் போடலாமா?

வேண்டாம். உலோகப் பிளேடு குறிப்பிட்ட எஞ்சினின் அதிர்வோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டு அனுமதி பெற்றது. ரோட்டரியும் கியரும் சேர்ந்து தரும் அதிர்வில் அது எந்த வேகத்தில் களைத்து முறியும் என்று யாரும் அளந்ததில்லை. மரமும் கலவை இழையும் அதிர்வைத் தாங்களே தின்றுவிடும். எடையும் குறைவு, கியர் பற்களுக்கும் நல்லது.

சுற்றும் திசையை எப்படி அறிவது?

கியர்பாக்ஸ் கிரகப் பல்சக்கரத் தொகுதி (நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறுசக்கரங்கள், அவற்றைச் சுற்றி வெளிவளையம்) என்றால், அதில் எந்த உறுப்பைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் திசை மாறும். வெளிவளையம் நிலையாக நின்று, நடுச்சக்கரம் செலுத்தினால் எஞ்சினின் திசையே வரும். சிறுசக்கரங்களைத் தாங்கும் சட்டம் நிலையாக நின்றால் எதிர்த்திசை. ஆர்டர் கொடுக்கும் முன் கையால் சுற்றிப் பாருங்கள், விமானி இருக்கையிலிருந்து எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

ஐடில் வேகத்தில் கியர் கடகடவென்று அடிக்கிறது. குறைக்கவா, கூட்டவா?

கூட்டுங்கள். குறைந்த வேகத்தில் ஒவ்வொரு எரிப்புக்கும் தண்டு முன்னும் பின்னும் திமிறுகிறது. பற்கள் ஒன்றையொன்று அறைகின்றன. சத்தம் அடங்கும் வேகமே உங்கள் ஐடில். 1,800 சுற்றில் வைத்தாலும் 2.85 கியரில் புரொப்பெல்லர் 630 சுற்றுதான். இறங்கும்போது விமானம் மிதந்துகொண்டே போகாது. 2.17 கியரில் அது 830 ஆகும், மிதப்பு தெரியும்.

மரப் புரொப்பெல்லரின் பிட்ச் கொஞ்சம் கனமாகிவிட்டது. விட்டத்தை வெட்டலாமா?

செய்தவரிடமே அனுப்பித் திருத்துவது நல்லது. விட்டம் ஐந்தாம் மடியில் வேலை செய்கிறது: 1,880 மி.மீ. விட்டத்தில் 25 மி.மீ. குறைத்தால், அதே வேகத்தில் அது விழுங்கும் திறன் 6 சதவீதத்துக்கு மேல் குறையும். எஞ்சின் ஏறத்தாழ 200 சுற்று கூடும். வெட்டியதை ஒட்ட முடியாது. சமநிலை குலைந்தால் கியர்பாக்ஸ் அடி வாங்கும். எந்தத் திருத்தத்தையும் விமானப் பதிவேட்டில் எழுதி, உங்களுக்கு அனுமதி கொடுத்த மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் நிபந்தனைகள் அதை ஏற்கின்றனவா என்று பாருங்கள்.

மழைக்காலத்தில் மரத்துக்கு என்ன கவனிப்பு?

மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். உப்பினால் போல்ட்டுகள் மரத்தை நசுக்கும். தகரக் கூரையின் கீழ் காய்ந்து சுருங்கினால் பிடிப்பு தளரும். பருவம் மாறும்போதெல்லாம் முறுக்கு அளவைக் கருவியால் சரிபாருங்கள், புதிதாகப் பூட்டியதை முதல் பறப்பு முடிந்த உடனேயே பாருங்கள். நிறுத்திவைக்கும்போது பிளேடுகள் கிடைமட்டமாக இருக்கட்டும். செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ்ப் பிளேடில் சேர்ந்து சமநிலை கெடும். மழைக்குள் மாட்டிக்கொண்டால் எஞ்சின் வேகத்தைக் குறைத்துப் பறந்து வெளியேறுங்கள். முழு வேகத்தில் மழைத்துளிகள் பிளேடின் முன்விளிம்பை அரித்துவிடும். இறங்கியதும் விரலால் தடவிப் பாருங்கள். வார்னிஷ் உரிந்து மரம் தெரிந்தால், அதைச் சரிசெய்யும் வரை பறக்க வேண்டாம்.